ஒரே தெரு, 3 மாத்திரை, பின்னால் ஒரே ஆள்: யார் இந்த எல்லாப்பிரகட சுப்பாராவ்?

திருவண்ணாமலையில் இருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். நெல்லும் மணிலாவும் விளையும் பக்கம். அங்கே ஏதாவது ஒரு தெருவை எடுத்துக்கோங்க.

முதல் வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண். சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்கிறார். அடுத்த வீட்டில் ஒரு பாட்டி. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, மணிலா உரிக்க முடியாது. முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒரு நாள் மட்டும் போடச் சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர். யானைக்கால் நோய்க்காக அந்தக் காலத்தில் மாத்திரை போட்டுக்கொண்டவர்.

இந்த மூன்று மாத்திரைகளும் ஒரே ஆராய்ச்சிக் குழுவின் வேலையில் இருந்து வந்தவை. அந்தக் குழுவை நடத்தியவர் சென்னையில் படித்த ஒரு டாக்டர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் உடம்பில் இருக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் எப்படி விழித்துக்கொள்கின்றன, எப்படி அடங்குகின்றன என்ற கதையிலும் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

மூன்றாவது முயற்சியில் பாஸான மாணவர்

1895-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தவர் சுப்பாராவ். இன்று அது ஆந்திராவில் இருக்கிறது. பணக் கஷ்டம் உள்ள குடும்பம். சின்ன வயதில் படிப்பில் பெரிய ஆர்வம் இல்லை. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று 13 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவரை, அம்மா மடக்கிப் பிடித்து திரும்பவும் பள்ளிக்கு அனுப்பினார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை.

மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து எழுதி பாஸானார். அடுத்து மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட். நடுவில் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாகிவிடலாம் என்று ஓர் ஆசை வந்தது. அதற்கும் அம்மா சம்மதிக்கவில்லை. டாக்டராகிச் சேவை செய்யலாம் என்று முடிவு செய்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கல்யாணமும் ஆனது. படிப்புச் செலவுக்கு மாமனார் கை கொடுத்தார்.

இந்தக் காலத்தில்தான் அவர் வாழ்க்கையையே திருப்பிப் போட்ட அடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர், சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்து போனார்கள். காரணம் ஸ்ப்ரூ என்ற நோய். தொடர்ந்து வயிற்றுப்போக்கு, சாப்பிட்ட சத்து குடலில் ஒட்டாது, ரத்தம் குறைந்து உடம்பு வற்றிப்போகும். அன்றைய மருத்துவத்தில் இதற்கு மருந்தே இல்லை. இந்த இரண்டு சாவுகளை மனதில் வைத்துக்கொண்டு மீதிக் கதையைப் படியுங்கள்.

கதர் கோட்டும் கிடைக்காத எம்.பி.பி.எஸ். பட்டமும்

காந்தியின் அந்நியத் துணிப் புறக்கணிப்பு நாடு முழுக்கப் பரவிய நேரம் அது. சுப்பாராவ் மருத்துவக் கல்லூரிக்கே கதர் உடுத்திப் போனார். ஆங்கிலேயரான அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. மற்ற பாடங்களில் நன்றாக எழுதியும், அறுவை சிகிச்சையில் மதிப்பெண் கிடைக்காததால் எம்.பி.பி.எஸ். பட்டம் கைக்கு வரவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

அரசு மருத்துவப் பணியிலும் இடம் கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் எடுக்கும் வேலைக்குப் போனார். ஆனால் மனசு ஆராய்ச்சியிலேயே இருந்தது. மாமனார் கொடுத்த பணமும், காக்கிநாடாவில் இருந்த ஓர் அறக்கட்டளையின் உதவியும் சேர, 1922-ல் கப்பலேறினார். மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் போனவர், கடைசி வரை திரும்பவே இல்லை.

பெட்பேன் கழுவிய டாக்டர்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பில் சேர்ந்தார். கையில் காசு இல்லை. டாக்டருக்குப் படித்திருந்தாலும் அமெரிக்காவில் டாக்டராக வேலை பார்க்க அனுமதி இல்லை. அதனால் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்து, நோயாளிகளின் பெட்பேன் கழுவி வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

டிப்ளமோ முடித்த பிறகு, ஹார்வர்டிலேயே உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். அங்கே கொடுத்த வேலை கேட்பதற்குச் சாதாரணமானது. ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சுலபமாக அளக்க ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

1925-ல் இருவரும் அந்த வழியை வெளியிட்டார்கள். சோதிக்க வேண்டிய திரவத்தில் மாலிப்டினம் கலந்த ஒரு கரைசலையும் இன்னொரு ரசாயனத்தையும் சேர்த்தால் நீல நிறம் வரும். பாஸ்பேட் அதிகம் என்றால் நீலம் அடர்த்தியாக இருக்கும், குறைவு என்றால் வெளிறி இருக்கும். நிறத்தை அளந்தால் பாஸ்பேட்டின் அளவு தெரிந்துவிடும். கொஞ்சம் ரத்தம் இருந்தாலே போதும். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் இது உலகம் முழுக்க ஆய்வகங்களுக்குப் போனது. பல தலைமுறை மாணவர்கள் இதைச் செய்து பார்த்துத்தான் உயிர்வேதியியல் கற்றார்கள்.

ஜிம் பசங்களுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

இந்த நீல நிறச் சோதனையைத் தசையில் செய்து பார்த்தபோது ஒரு விஷயம் இடித்தது. நிறம் உடனே வராமல் மெதுவாகக் கூடிக்கொண்டே போனது. சோதனையில் தப்பு என்று ஒதுக்கிவிடலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. தசைக்குள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும், சட்டென்று உடைந்துபோகும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று தேடினார்கள். 1927-ல் அது பாஸ்போகிரியேட்டின் என்று சொன்னார்கள். அதே நேரத்தில் பிரிட்டனில் எகிள்டன் தம்பதியும் தனியாக அந்தப் பொருளைக் கண்டார்கள்.

தசை வேலை செய்தால் இந்தப் பொருள் குறையும். ஓய்வு எடுத்தால் திரும்பச் சேரும். இன்று ஜிம்முக்குப் போகிறவர்கள் டப்பா டப்பாவாக வாங்கும் கிரியேட்டின் பவுடரின் வேலையே தசையில் இந்தச் சேமிப்பைக் கூட்டுவதுதான்.

1929-ல் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வந்தது. தசையில் இருந்து ஏடிபி என்ற மூலக்கூறைப் பிரித்தெடுத்தார்கள். முழுப் பெயர் அடினோசின் ட்ரைபாஸ்பேட். வாலில் மூன்று பாஸ்பேட் வரிசையாகக் கோத்திருக்கும். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் செலவாகும் சில்லறைக் காசு இதுதான். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டு தனியாக இதைக் கண்டுபிடித்து, கொஞ்சம் முன்னதாக வெளியிட்டார். அதனால் முதல் பெயர் லோமனுக்கு. ஃபிஸ்க், சுப்பாராவ் பெயர்கள் அடுத்து வரும்.

நோய் எதிர்ப்பு செல்லுக்குள் என்ன நடக்கிறது?

ஏடிபி சக்தி கொடுக்கும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதுதான் சுப்பாராவை நோய் எதிர்ப்பு சக்தியோடு இணைக்கும் பாலம்.

நம் ரத்தத்தில் டி செல் என்ற காவலாளிகள் இருக்கிறார்கள். கிருமி நுழைந்த அடையாளம் கிடைத்தால், செல்லின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முடிவு எடுக்க வேண்டியது செல்லின் உள்ளே. வாசலில் வந்த சேதி உள்ளே எப்படிப் போகிறது?

அதற்கென்றே செல்லின் தோலில், அதாவது சவ்வில், குத்தி நிற்கும் ஒரு புரதம் இருக்கிறது. பெயர் லாட். இதைத் தகவிப் புரதம் என்று சொல்லலாம். வீட்டில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நினைத்துக்கோங்க. அது தானாக எரியாது, சுழலாது. மற்றதைச் செருக இடம் கொடுக்கும், அவ்வளவுதான். லாட்டும் அப்படித்தான். தன் கையால் எந்த ரசாயன வேலையும் செய்யாது. வேலை செய்யும் மற்ற புரதங்கள் வந்து செருகிக்கொள்ள இடம் கொடுக்கும்.

ஆனால் சாதாரண நேரத்தில் அந்த இடங்கள் மூடியே இருக்கும். ஏற்பியில் அடையாளம் பட்டதும், ஜாப்-70 என்ற நொதி விழித்து, ஏடிபியின் வாலில் இருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி லாட் மேல் ஒட்டும். பாஸ்பேட் ஒட்டிய இடம் திறக்கும். உடனே மற்ற புரதங்கள் வந்து செருகிக்கொள்ளும், செல்லுக்குள் கால்சியம் ஏறும், டி செல் போருக்குக் கிளம்பும். சுருக்கமாகச் சொன்னால், பாஸ்பேட்தான் சுவிட்ச்.

இந்த லாட் பழுதானால் என்ன ஆகும்? லாட் மரபணுவில் குறையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி 2016-ல் டாக்டர்கள் எழுதினார்கள். ஒரு பக்கம் அடிக்கடி தொற்றுநோய். இன்னொரு பக்கம், எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் கோளாறு. அடக்கவும் தெரியாமல், அடிக்கவும் தெரியாமல் காவல் குழம்பிப் போகிறது.

சுப்பாராவுக்கு லாட் பற்றி எதுவும் தெரியாது. அது 1998-ல்தான் அடையாளம் காணப்பட்டது, அவர் இறந்து 50 ஆண்டுகள் கழித்து. பாஸ்பேட்டை ஒட்டினால் புரதம் மாறும் என்பதும் அவர் காலத்துக்குப் பிறகு மற்றவர்கள் நிரூபித்தது. ஆனால் அந்தக் கதை முழுக்க ஓடும் பாஸ்பேட்டை அளக்க வழி செய்தவர்களிலும், அதைச் சுமக்கும் ஏடிபியைப் பிரித்தெடுத்தவர்களிலும் அவர் ஒருவர்.

ஹார்வர்ட் கொடுக்காத நாற்காலி

இவ்வளவு செய்தவருக்கு ஹார்வர்ட் என்ன கொடுத்தது? 1930-ல் பிஎச்.டி. பட்டம். நிரந்தரப் பேராசிரியர் வேலை மட்டும் கொடுக்கவில்லை. ஃபிஸ்க் பெயருக்குப் பின்னால் இரண்டாவது பெயராகவே பல ஆண்டுகள் கழிந்தன.

1940-ல் ஹார்வர்டை விட்டுக் கிளம்பி, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார். அவர் வாழ்க்கையின் கடைசி 8 ஆண்டுகள் அங்கேதான். ஒரு மனிதர் தலைமையில் இத்தனை மருந்துகளா என்று கேட்க வைக்கும் 8 ஆண்டுகள் அவை.

முதல் மாத்திரை: ஃபோலிக் அமிலம்

இந்தக் கதையின் தொடக்கம் பம்பாயில். 1928 வாக்கில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர், அங்கே துணி ஆலையில் வேலை செய்த கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையால் அவதிப்படுவதைப் பார்த்தார். ஈஸ்டில் இருந்து செய்த மார்மைட் கொடுத்ததும் ரத்தம் ஊறியது. மார்மைட்டில் இருக்கும் அந்தச் சத்து எது என்று அப்போது தெரியவில்லை.

அந்தச் சத்துதான் ஃபோலிக் அமிலம். இயற்கையில் மிகச் சிறிய அளவில்தான் கிடைக்கும். லெடர்லியில் சுப்பாராவின் குழு அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, 1945-ல் ஆய்வகத்திலேயே செய்து காட்டியது. செய்ய முடிந்ததால்தான் மாத்திரையானது. இன்று கீழ்பென்னாத்தூர் சுகாதார நிலையத்தில் இருந்து நியூயார்க் வரை கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஃபோலிக் அமிலம் போதாமல் போனால் குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக உருவாகாமல் போகும் ஆபத்து கூடும் என்பது பிறகு தெரிய வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்ப்ரூ நோயில் உடம்புக்குக் கிடைக்காமல் போகும் முக்கியமான சத்துகளில் ஒன்று இதே ஃபோலிக் அமிலம்.

இரண்டாவது மாத்திரை: சத்துக்கு ஒரு போலி

பாஸ்டனில் குழந்தைகள் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகம் எடுத்ததாகப் பட்டது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால் நோய் அடங்குமா?

சுப்பாராவின் குழு அதற்கான போலியைச் செய்து கொடுத்தது. பார்க்க ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும். செல் ஏமாந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் வேலை நடக்காது, செல் பெருக முடியாது. அமினோப்டெரின் என்ற அந்த மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதாக 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார். அதுவரை ரத்தப் புற்றுநோய் என்றால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சாவு என்ற நிலை. முதல் முறையாக ஒரு மருந்துக்கு அந்த நோய் அசைந்து கொடுத்தது.

அதே குடும்பத்தில் வந்த இன்னொரு மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுப்பார்கள். மிகச் சிறிய அளவில், வாரம் ஒரு முறை கொடுத்தால் வேறு வேலை செய்கிறது. தன் மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் எதிர்ப்பு செல்களின் வேகத்தைத் தணிக்கிறது. முடக்குவாதத்துக்கு இதை அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 1988-ல் அங்கீகரித்தது. இன்று அந்த நோய்க்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதும் மருந்து இதுதான்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. இது வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. தவறுதலாகத் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. வீட்டில் பெரியவர்கள் யாராவது போட்டுக்கொண்டிருந்தால், எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கர்ப்பிணிகள் இதைப் போடவே கூடாது. பக்க விளைவைக் குறைக்க, டாக்டர்கள் கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதுவார்கள். பாட்டியின் மாத்திரை டப்பாவில் சுப்பாராவ் குழுவின் அசலும் போலியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

மூன்றாவது மாத்திரை: யானைக்கால் நோய்க்கு

டைஎத்தில்கார்பமசின், சுருக்கமாக டிஇசி. 1947-ல் ஹெட்ராசான் என்ற பெயரில் லெடர்லியில் இருந்து வந்தது. கொசு மூலம் உடம்புக்குள் போய் யானைக்கால் நோயைக் கொண்டுவரும் புழுவின் குஞ்சுகளை ரத்தத்தில் இருந்து ஒழிக்கும். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், கண் முன்னாடியே விழுங்கச் சொல்லி நின்ற மாத்திரை இதுதான்.

அதே ஆய்வகத்தில், அவர் தலைமையில் இருந்தபோது, பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியல் அறிஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரில் இருந்து ஆரியோமைசினைக் கண்டுபிடித்தார். 1948-ல் அறிமுகமான அதுதான் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்குகளில் முதலாவது.

ஸ்ப்ரூ நோய்க்கு இன்று கொடுக்கும் சிகிச்சை என்ன தெரியுமா? ஃபோலிக் அமிலமும், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்கும். சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோன நோய்க்கான மருந்தின் இரண்டு பாதியும் அவர் தலைமை வகித்த ஆய்வகத்தில் இருந்தே வந்தன.

பிறகு ஏன் பெயர் தெரியவில்லை?

1948 ஆகஸ்ட்டில் ஒரு நாள் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்து போனார் சுப்பாராவ். வயது 53. ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்.

பெயர் தெரியாமல் போனதற்குப் பல காரணங்கள். ஹார்வர்டில் அவர் வேலை ஃபிஸ்க் பெயருக்குப் பின்னால் நின்றது. ஏடிபியில் லோமன் முந்திக்கொண்டார். லெடர்லியில் வந்ததெல்லாம் பல பேர் சேர்ந்து செய்த குழு வேலை, புகழ் நிறுவனத்துக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த டாக்டர்களுக்கும் போனது. ஃபோலிக் அமிலக் கட்டுரையிலும் அவர் பெயர் நீளமான பட்டியலில் ஒன்றாகத்தான் இருந்தது. தன் பெயரை முன்னால் தள்ளிக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இல்லை.

அமெரிக்கக் குடியுரிமை பெற 1946-ல் இந்தியர்களுக்குச் சட்டம் வழிவிட்டும், அவர் கடைசி வரை அதை வாங்கவில்லை. அங்கே அவர் அந்நியர், இங்கே ஊருக்குத் திரும்பாதவர். ஊரில் காத்திருந்த மனைவிக்கு, போன கணவர் வரவே இல்லை. இந்தக் கதையில் அந்த இழப்பும் ஒரு கணக்கு.

பிறகு ஒரு பூஞ்சைக்கு அவர் நினைவாக சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1995-ல், நூற்றாண்டுக்கு, இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

எம்.பி.பி.எஸ். கொடுக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு அனுப்பப்பட்ட அந்த மாணவரின் மருந்துகளைத்தான் இன்று எம்.பி.பி.எஸ். முடித்த ஒவ்வொரு டாக்டரும் எழுதுகிறார். அடுத்த முறை அந்த மஞ்சள் நிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைப் பாட்டிக்கு எடுத்துக் கொடுக்கும்போது, முதலில் கிழமையைச் சரிபாருங்கள். நேரம் இருந்தால் சுப்பாராவ் கதையையும் சொல்லுங்கள்.